தாத்தாவின் துப்பாக்கியைத் துடைக்கும் முன்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அந்தச் செய்தியும் கூடவே வரும்: லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் பல வீடுகளுக்குப் பரண் ஞாபகம் வருகிறது. பட்டாளத்துப் பெரியப்பா கொண்டுவந்த குக்ரி என்ற கூர்க்கா வளைகத்தி, எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தாவின் தோல் உறைக் கத்தி, சாக்கில் சுற்றி வைத்த நீளமான ஏதோ ஒன்று. "நூறு வருஷத்துப் பொருள், இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்" என்பார் ஒருவர். "முதல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் துருவை எடு" என்பார் இன்னொருவர். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் முதல் யோசனை வழக்கில் கொண்டுபோய் விடலாம். இரண்டாவது யோசனை அந்தப் பொருளையே அழித்துவிடும்.

பழைய ஆயுதம் ஒன்றின் மதிப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது: அதன் மேல்தோலில், அதன் காகிதத்தில். மேல்தோல் என்றால் காலம் படிந்த நிறம், முத்திரைகள், எண்கள். காகிதம் என்றால் லைசென்ஸ், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற எழுத்து. வயதாவதால் கெட்டுப்போன ஆயுதங்கள் குறைவு. இந்த இரண்டில் ஒன்றைத் தொலைத்ததால் வீணானவையே அதிகம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கையில் இருப்பது என்ன என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. வரிசையாக மூன்று கேள்விகள்.

1. அது கெட்டித்த நிலையில், அதாவது உள்ளே வெடிமருந்தும் குண்டும் போட்டபடி, இருக்கிறதா? குழல் வாய்வழியே வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில், கடைசியாக வேட்டைக்குப் போனவர் போட்ட மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே தங்கியிருப்பது உண்டு. ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் கழித்தும் பற்றிக்கொள்ளும். அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்த துப்பாக்கிகளிலேயே இப்படிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்து, விசையைத் தொடாமல், தெரிந்தவரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கூடவே பழைய தோட்டா கிடைத்தால் எடுத்து ஆராயாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

2. இன்றைக்கும் சுடுமா, பழுது பார்த்தால் சுடுமா, பழுது பார்த்தாலும் சுடாதா? சட்டத்தின் பதில் இதை ஒட்டித்தான் மாறும்.

3. இது யார் பெயரில் இருந்தது? பழைய லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, பட்டாளத்துச் சான்று எது கிடைத்தாலும் அது துப்பாக்கியின் பாதி விலை.

"நூறு வருஷம்" என்ற குழப்பம்

இந்தக் குழப்பம் சும்மா வரவில்லை. நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் ஒரே பொருளை இரண்டு கண்ணால் பார்க்கின்றன.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு வருஷத்துக்குக் குறையாத பொருளைத் தொல்பொருள் என்கிறது. அது கேட்பது வேறு விஷயம்: அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அந்த வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஒரு பொருள் தொல்பொருள் ஆகிவிட்டால் லைசென்ஸ் வேண்டாம் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

துப்பாக்கி லைசென்ஸைப் பற்றிப் பேசுவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 45ஆம் பிரிவில்தான் விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரியோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ எதுவானாலும், "பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதது" என்பதே அந்த விலக்கின் உயிர். வயதுக்கு அங்கே தனி இடம் இல்லை. 1910இல் செய்த துப்பாக்கி ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். குழல் அடைத்து, பொறி இயங்கவே முடியாமல் துருவேறி இறுகிப்போனது என்றால் விலக்கு கேட்கலாம். அதை முடிவு செய்வது வீட்டில் இருக்கும் நாம் இல்லை. எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வெளிநாட்டு வீடியோக்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்று தனியாக வைக்கிறது. ஐம்பது வருஷம் கடந்த படைத் துப்பாக்கிகளைச் சேகரிக்க அங்கே தனி உரிமமே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒருவர் பேசும் "ஆன்டிக்" என்ற சொல்லை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, லைசென்ஸ் வைத்திருந்த அப்பா இறந்துவிட்டார் என்றால்? துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இன்னொரு வசதியும் இருக்கிறது: லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தொட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித்தரக் கேட்கலாம். பெரியவர் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி.

ஆயுதச் சட்டத்தின் 2019 டிசம்பர் திருத்தம் சேகரிப்பவர்களை நேரடியாகப் பாதித்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததையும் சேர்த்துத்தான் இந்த இரண்டு. மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருஷம் அவகாசம் தந்தார்கள். ஆக, சுடக்கூடிய துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கிச் சேகரிப்பது இந்தியத் தனிமனிதருக்குச் சாத்தியமில்லை. இங்கே சேகரிப்பு என்பது கையில் வந்த ஒன்றிரண்டை ஒழுங்காகப் பேணுவதுதான்.

இதில் தனியாக நிற்பது குடகு. கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கியையும் ஒடிக்கத்தியையும் பூச்சூட்டி வணங்கும் மக்கள் அவர்கள். ஆனால் அந்த விலக்கு அந்த மக்களுக்கு மட்டும்தான். மலையைத் தாண்டி நம் பக்கம் வராது.

.303 ஏன் தனிக்கதை

நம் ஊரில் "பழைய மிலிட்டரி துப்பாக்கி" என்றால் பெரும்பாலும் .303 அங்குலத் தோட்டா போடும் பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டுதான். 1907இல் வந்த மூன்றாம் மார்க் வகை இரண்டு உலகப் போரையும் பார்த்தது. வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலை இந்த வகையைச் சுதந்திரத்துக்குப் பிறகும் செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தது.

அது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் பொறியை இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய ரகம்தானே, ஏன் தனியார் கையில் வைக்க முடியாது? காரணம் துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. படைகள் பயன்படுத்தும் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய எதையும் இந்திய விதிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கின்றன. அரசுக் கிடங்கிலிருந்து தோட்டா வெளியே கசிந்தாலும் அது பொருந்தும் குழல் வெளியில் இருக்கக்கூடாது என்பது பிரிட்டிஷ் காலத்துக் கணக்கு. இதன் விளைவுதான் .315 வேட்டைத் துப்பாக்கி. அதே லீ-என்ஃபீல்டு பொறி, வேறு அளவுத் துளை. பெயரைப் பார்த்து ஏமாறாமல் குழலில் பொறித்த அளவைப் படிக்க வேண்டும். அந்த ஒரு எண்தான் சாதாரண லைசென்ஸுக்கும் தடை வகைக்கும் நடுவே உள்ள கோடு.

கத்திக்கு ஒன்பது அங்குலம்

ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், பிச்சுவா போன்ற குத்துவாள்கள், துப்பாக்கி முனை ஈட்டி, குக்ரி எல்லாம் ஐந்தாம் வகை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அந்தக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை வராது. அதனால்தான் தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. இந்தக் கத்திகளை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா என்பது, ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அரசு அந்தப் பகுதிக்கு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேட்டைக் கத்திகளில் பெரும்பாலானவை நான்கைந்து அங்குலம்தான். தோலுரிக்க அதற்கு மேல் தேவையில்லை.

வேட்டைக் கத்தியில் பலர் கவனிக்காத இடம் கைப்பிடி. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திப் பட்டறைகளுக்கு இந்தியக் கடமான் கொம்பு கப்பலில் போனது. கொம்புப் பிடியோடு அதே கத்தி இங்கே விலைக்கு வந்தது. இன்று அந்தக் கொம்பு 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தந்தப் பிடி என்றால் இன்னும் கடுமை. அலகுக்கு ஒரு சட்டம், பிடிக்கு ஒரு சட்டம். இப்படிப்பட்டதை விற்கவோ வாங்கவோ நினைக்கும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

துரு எல்லாம் ஒரே துரு இல்லை

இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் கூடும். உப்புத் தூசி படிந்திருந்தால் அதற்குக் கீழேயும் நடக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் வீடு என்றால் வருஷம் முழுக்க இந்தக் கவலை உண்டு.

செந்துரு பொடிப்பொடியாக இருக்கும், விரலில் ஒட்டும். அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பொருமி உதிரும், அடியில் புது இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருப்பிடிக்கும். இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

இன்னொன்று கருமை. வழவழப்பாக, இறுக்கமாக, விரலில் ஒட்டாமல் இருக்கும். துப்பாக்கிக் குழலில் தொழிற்சாலையே ஏற்றிய கருநீலமும் இந்த வகைதான். இரும்பின் ஆக்சைடு ஒன்றை வேண்டுமென்றே மெல்லிய போர்வையாக வளர்ப்பது. பழைய கார்பன் எஃகுக் கத்தியில் வருஷக்கணக்கில் படிந்த சாம்பல் நிறமும் அலகைக் காப்பாற்றுகிறது. அதை "அழுக்கு" என்று தேய்த்தெடுத்தால் கவசத்தைக் கழற்றி எறிந்தது போல. மறுவாரமே செந்துரு வந்து நிற்கும்.

செந்துருவை எடுக்கும் முறை இவ்வளவுதான்: மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு பித்தளைச் சீவலாலோ மிக மென்மையான எஃகுக் கம்பளியாலோ விரல் நுனி அழுத்தத்தில் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். மூங்கில் பல்குச்சி நல்ல கருவி. துருவைச் சுரண்டும், எஃகைக் கீறாது. துணியில் செந்நிறம் வருவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும். கிரைண்டர், எமரித் தாள், புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். புளியின் அமிலத்துக்குத் துரு எது, கருநீலம் எது என்று தெரியாது.

தென்னிந்தியப் பழைய உருக்கு வாள்களில் நீரலை போன்ற வரி ஓடும். கண்ணாடி போல மெருகேற்றினால் அந்த வரி கண்ணுக்கு மறைந்துவிடும். அமிலம் வைத்து மீட்கலாம் என்றாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகும். மேலே தங்கக் கம்பி பதித்த வேலைப்பாடு இருந்து அது தேய்ந்துவிட்டால் மீட்கவே வழியில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து இது. பூஜை அன்று அலகில் சந்தனம் குழைத்து மூன்று பொட்டு, நடுவில் குங்குமம், கைப்பிடியில் ஈரப் பூச்சரம். மறுநாள் எடுத்து வைக்க மறந்து, பொட்டோடு உறைக்குள் போய்விடும். அடுத்த வருஷம் பார்த்தால் சந்தனம் இருந்த இடத்தில் மூன்று வட்டக் குழி. ஈரம் அந்த இடத்திலேயே தங்கியதால் வந்த வினை. பூஜையை விட வேண்டாம். பொட்டைக் கைப்பிடி மரத்தில் வைக்கலாம், அல்லது அன்று மாலையே உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் இடலாம்.

விரல் ரேகையும் இதே கதைதான். வியர்வையில் உப்பு இருக்கிறது. விருந்தாளி ஒருவர் அலகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனால் இரண்டு வாரத்தில் அவர் விரல் ரேகை துருவில் அச்சாகத் தெரியும்.

எந்த எண்ணெய், எதற்கு

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் அவற்றையே பூசுகிறோம். தாவர எண்ணெய் காற்றில் மெல்ல மாறும். பிசுபிசுத்து, அமிலம் கூடி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கிப் பொறிக்குள் போனால் கோந்து போல இறுகிவிடும். உலோகத்துக்குத் தையல் மெஷினுக்கு விடும் கனிம எண்ணெயே போதும், துணியில் நனைத்து ஈரம் தெரியாத அளவு. சும்மா காட்சிக்கு வைக்கும் பொருள் என்றால் மெழுகு இன்னும் நல்லது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவாக்கிய நுண்படிக மெழுகைத்தான் இன்று பல அருங்காட்சியகங்கள் பூசுகின்றன.

கட்டைக்கு நேர்மாறு. ஆளி விதை எண்ணெய் காற்று பட்டு இறுகும் குணம் கொண்டது. உலோகத்தில் அது கேடு, வால்நட் கட்டையில் அதுவே காவல். லீ-என்ஃபீல்டின் கட்டைக்குப் படையினர் தேய்த்ததும் இதையேதான். வார்னிஷ் அடித்தால் மரம் பளபளக்கும், படைத் துப்பாக்கி என்ற முகம் போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் தோய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

உறைக்குள் உறங்கக்கூடாது

தோல் உறை கத்தியைச் சுமக்க மட்டுமே. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும்; ஈரத்தையும் உறிஞ்சும். உறைக்குள் வருஷக்கணக்கில் கிடந்த கத்தியின் அலகில் தையல் ஓரத்தையொட்டிப் பொத்தல்கள் விழுந்திருக்கும். பித்தளைப் பூணும் தோலும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு மெழுகு போலத் திரளும். அது தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. பல்குச்சியால் எடுத்துவிடலாம். கத்தியைத் தனியே, உறையைத் தனியே, ஒரே எண் எழுதிய சீட்டுக் கட்டி வையுங்கள். ஸ்பாஞ்சு பதித்த அழகான பெட்டியும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அலகோடு ஒட்டிக் கிடக்கும்.

துப்பாக்கிக் குழலுக்கு ஏன் வெந்நீர்

.303 காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். இரும்பில் தண்ணீரா என்று தோன்றும். அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகி குழலில் படியும், அதாவது சமையல் உப்பின் நெருங்கிய உறவு. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்தால் உப்பைப் போர்வைக்குள் வைத்துப் பாதுகாத்தது போலாகும். கொதிநீர் இன்னொரு உதவியும் செய்கிறது: குழலைச் சூடாக்கித் தானே ஆவியாகிவிடும். அப்புறம் காய்ந்த துணி, அப்புறம்தான் எண்ணெய். பழைய படைத் துப்பாக்கிகளின் குழலுக்குள் கருங்குழிகள் இருந்தால், பெரும்பாலும் இந்த வெந்நீரை யாரோ தவிர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எண்ணைத் தேய்த்தால் என்ன ஆகும்

மேல்தோலும் காகிதமும் ஒன்று சேரும் இடம் இதுதான். லீ-என்ஃபீல்டின் கட்டைக் கழுத்தை அணைத்திருக்கும் இரும்பு வளையத்தில் கிரீடம், எழுத்துகள், தொழிற்சாலை, வருஷம் எல்லாம் அடித்திருக்கும். இஷாபூர் என்றால் ஜி.ஆர்.ஐ. என்று இருக்கும், அதாவது அரசரும் பேரரசருமான ஜார்ஜ். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள். குழலிலும் பொறியிலும் ஒரே எண் இருந்தால் அவை பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவை. கைபர் பக்கத்துப் பட்டறைகளில் செய்த போலிகளில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். ஆங்கிலம் தெரியாத கொல்லர் கண்ணால் பார்த்து வெட்டியது. இவை எல்லாம் மில்லிமீட்டரின் சிறு பங்கு ஆழத்தில்தான் இருக்கின்றன. எமரித் தாள் நாலு இழுப்பு இழுத்தால் வரலாறு போயே போச்சு.

சட்டமும் அங்கேயே நிற்கிறது. துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவரே அழித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்த்தேன் என்பதை யார் நம்புவார்கள்? இந்தியத் துப்பாக்கிகளில் தொழிற்சாலையே அடித்த கருப்புப் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்டாதீர்கள். பார்க்க நன்றாக இல்லாவிட்டாலும் அது அந்தத் துப்பாக்கியின் சொந்தத் தோல்.

எழுதி வைப்பது

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன, தந்தத்தில் செய்த வளரிகள் (எறிந்து தாக்கும் வளைதடிகள்) உட்பட. அவற்றின் முன் நின்று "இது தஞ்சாவூர்" என்று நம்மால் சொல்ல முடிவது, வந்தபோது யாரோ பதிவேட்டில் எழுதியதால். அந்த வரி இல்லாவிட்டால் அது வளைந்த ஒரு தந்தத் துண்டு.

வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்: எண், அலகின் நீளம் அகலம், முத்திரைகள் கண்ணுக்குத் தெரிகிறபடி, யார் கொண்டுவந்தார், எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த வருஷம் வந்தது, லைசென்ஸ் எண், கடைசியாக எண்ணெய் இட்ட தேதி. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். பெரியப்பா இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அந்தக் குக்ரி பர்மாவிலிருந்து வந்ததா, டேராடூன் கடையில் வாங்கியதா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.